ஜீவா பற்றவைத்த தகடு

சோதனைத் தகட்டுக்குள் மின்காந்த அலை இருக்கும்போதே தகட்டின் மின்தன்மையைச் சட்டென்று மாற்றினால், அலையின் அதிர்வெண்ணும் மாற வேண்டும். மாறவில்லை. விடுவாளா ஆராய்ச்சியாளர் கோகிலவாணி? ஈயப் பற்றவைப்பு சரியில்லை என்று, தகட்டைச் செய்த டெக்னீசியன் ஜீவாவை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தாள். மறுநாளே அவன் வேலையை விட்டுவிட்டான்.

கோளாறு அவளுடையது என்று பிறகுதான் தெரிந்தது. கணினியில் நானோ நொடிக்குப் பதில் மைக்ரோ நொடி என்று கொடுத்திருந்தாள். அலை கடந்துபோன பிறகுதான் தகடு மாறிக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் அவன் இப்போது வேலை பார்க்கும் சங்ககிரி லாரிப் பட்டறைக்கு வந்தாள். ஒயர் இழுத்துக்கொண்டிருந்த ஜீவா எழுந்து நின்றான்.

"அலை மாறுச்சுங்களா மேடம்?"

"மாறிடுச்சு ஜீவா."

"ரொம்ப சந்தோசமுங்க. என்ற வேலைதான் சரியில்லீங்க, மன்னிச்சுக்குங்க. இப்ப நல்லாப் பத்த வெச்சது யாருங்க?"

அந்தத் தகட்டில் அவன் வைத்த ஈயத்தை யாரும் தொட்டதே இல்லை.