ஏழின் குறுக்கே ஒரு கோடு

எல்லாரையும் சேர்த்துக்கொள்வதற்காக அந்தப் பல்கலைக்கழகம் மூன்றாவது மாடியில் ஒரு மையம் திறந்திருந்தது. 'சமூக உள்ளடக்க மையம்' என்று கண்ணாடிக் கதவில் பொன்னெழுத்து. அந்தக் கதவு அட்டை காட்டினால்தான் திறக்கும். சொட்டக்காவின் அட்டைக்கு அது திறக்காது. மையத்தின் 'சமூக இணை ஆய்வாளர்' என்று அவளை நியமித்து ஒன்பது மாதம் ஆகியும், அவள் அட்டை கீழே வேதியியல் ஆய்வகத்தைத் தவிர வேறெதையும் திறக்க மறுத்தது. தினமும் பத்து மணிக்கு வெளியே நின்று கண்ணாடியைத் தட்டுவாள். உள்ளே யாராவது ஒருவர், உள்ளடக்கத்தைப் பற்றிய பேச்சை நிறுத்தாமலே எழுந்து வந்து திறந்துவிடுவார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் ஆய்வக உதவியாளர். கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற அந்த ஒரே சொட்டில் நிறுத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் மாணவர்கள் வைத்த பெயர் சொட்டக்கா. இப்போது துணைவேந்தராக இருப்பவர்கூட ஒரு காலத்தில் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தவர்தான். அவருடைய ஆய்வேட்டின் அளவுகள் அத்தனையும் சொட்டக்கா விட்ட சொட்டுகள், சொட்டக்கா எழுதிய எண்கள். ஏழு எழுதினால் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவாள். ஒன்றும் ஏழும் குழம்பிவிடக் கூடாதாம். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவள் 'மற்றும் ஆய்வக ஊழியர்கள்' என்பதில் அடங்கியிருந்தாள்.

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், காலையில் பனிப்புகை கலையாத பள்ளத்தில் ஓர் ஊற்றுக்குளம். அதைச் சுற்றி முப்பத்தொரு வீடுகள். அரசாங்கத் தாள்களில் பூர்வகுடிகள், தங்களுக்குள் கரைக்காரர்கள். சொட்டக்காவும் கரைக்காரிதான். பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பின்னால் வந்தது. வரைபடத்தைப் பார்த்தால் மட்டும், பல்கலைக்கழகம் ஆதியிலிருந்தே இருந்தது போலவும் இவர்கள் போன மாதம் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது போலவும் தோன்றும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் புது மாணவர் விடுதிக்காக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அதன் மோட்டார் இரவும் பகலும் பூமிக்கடியில் யாரோ வாய் மூடிப் பாடுவதுபோல் முனகிக்கொண்டிருந்தது. கரைக்காரர்கள் அந்த முனகலோடு தூங்கி, அந்த முனகலோடு விழித்தார்கள். குளத்துப் பாறையில் தண்ணீர் எப்போதும் நின்ற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு உண்டு. தண்ணீர் அந்தக் கோட்டை விட்டு மெல்ல, யாருக்கும் தெரியாமல் எழுந்து போகிற விருந்தாளிபோல் இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டக்கா தினமும் வேலைக்குப் போகுமுன் கோட்டிலிருந்து தண்ணீர் வரை இரும்பு அளவுகோலை வைத்து அளந்து, நோட்டில் எழுதினாள். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு காலைகள். கடைசி அளவு அறுபத்தொரு சென்டிமீட்டர்.

அவள் அளக்கத் தொடங்கிய சில மாதங்களில்தான் மையத்தின் பேராசிரியர் கரைக்கு வந்து, மக்களே வழிநடத்தும் ஆராய்ச்சி என்று அறிவித்தார்.

"நீங்க முன்னாடி போங்க. நாங்க உங்க பின்னாடி வருவோம்" என்று கைகூப்பினார்.

கரைக்காரர்கள் குழு அமைத்தார்கள். தலைவி சொட்டக்காவின் அண்ணி. தையற்காரி; கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. ஆராய்ச்சிக் கேள்வியை முடிவு செய்ய ஐந்து நிமிடம் ஆனது: தண்ணீர் ஏன் இறங்குகிறது?

பேராசிரியர் முகம் வாடிப்போயிற்று. இன்னும் ஆழமாக எதிர்பார்த்து வந்தவர்.

"தண்ணியோட உங்களுக்கு இருக்கிற உறவைப் பத்திக் கேக்கலாமே?"

"உறவெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் அண்ணி. "தண்ணிதான் இல்ல."

ஒப்பந்தம் எழுதும்போது குழு தன் பங்குக்குச் சில விதிகளைச் சேர்த்தது. இதற்குமுன் வந்த பதினொரு ஆராய்ச்சிகளில் அவர்கள் கற்றுக்கொண்டது அது. நான்காவது விதி: கேள்வி கேட்பவர் முதலில் தானே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், கேள்வி எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்தில் உட்கார்ந்து, அந்தப் பதில்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் வரும். ஆறாவது விதி: சொன்ன பதிலைத் திரும்பப் பெறலாம், ஆனால் சொன்னவரே, சொன்ன இடத்துக்கே வந்து. பேராசிரியர் இவற்றைக் கேட்டு நெகிழ்ந்துபோனார். கையால் செய்த தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு மையத்தின் சுவரில் மாட்டினார். மாட்டிய பிறகு யார் படிக்கிறார்கள்.

இந்த வாரம் அறிக்கை தயாராகிவிட்டது. களஆய்வு மட்டும்தான் பாக்கி. நீர்மட்டம் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. 'நீருடனான இம்மக்களின் உறவு ஆன்மிகமானது. மையத்துக்கான புதிய கட்டடத்தை அவர்கள் மனமார வரவேற்கிறார்கள்.' புதிய கட்டடம் குளத்திலிருந்து எண்பது அடி தூரத்தில் வரப்போகிறது, தனக்கென ஓர் ஆழ்துளைக் கிணற்றோடு. அறிக்கையில் சொட்டக்கா வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கிணறு வரும். கிணறு வந்தால் குளம் அடுத்த கோடையைப் பார்க்காது. போடாவிட்டால் 'சமூகத்தின் மௌனம்' என்று ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கொண்டு கிணறு எப்படியும் வரும். முப்பத்தொரு வீட்டுக்கும் குடிதண்ணீர் அந்தக் குளம்தான்.

அவள் தன் நோட்டைப் பேராசிரியரின் மேசைமேல் வைத்தாள். அவர் பக்கங்களை வாஞ்சையோடு தடவினார்.

"அருமையான வாய்மொழி மரபு."

"இது எழுதினது சார்."

"ஆமாமா. அதுதான் இதோட அழகு. இதை ஒரு பின்னிணைப்பா போட்டுடலாம்."

சொட்டக்கா நோட்டை எடுத்துக்கொண்டு நேரே அண்ணியின் தையல் கடைக்குப் போனாள். அண்ணி களஆய்வுப் படிவத்தை வாங்கி, துணியில் குறை தேடுவதுபோல் விளிம்பிலிருந்து பார்த்தாள். அறுபத்து நான்கு கேள்விகள். மேலே, கொட்டை எழுத்தில், 'கேட்பவர்: மாண்புமிகு துணைவேந்தர்.' பேராசிரியர் மேலிடத்தைக் குளிர்விப்பதற்காகச் சேர்த்த வரி அது.

அண்ணி ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இந்த ஆளு எப்ப வர்றாராம்?"

"யாரு?"

"கேக்கிறவரு. நாலாவது விதிப்படி அவருதானே முதல்ல உக்காரணும்."

அதை எழுதி அனுப்பினார்கள். பேராசிரியர் மயங்கி விழாத குறை. ஆனால் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் தரும் நிறுவனம் அந்த நான்காவது விதிக்காகவே பரிசு கொடுப்பதாக ஏற்கெனவே அறிவித்திருந்தது. புகைப்படக்காரரையும் அனுப்பப்போகிறார்களாம். துணைவேந்தருக்குப் புகைப்படத்தில் ஆட்சேபணை ஒருபோதும் இருந்ததில்லை.

புதன்கிழமை மதியம் அவர் வந்தார். பாறைமேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். வெயில் இலைகளுக்குள் வடிந்து, கஞ்சிபோட்ட சட்டையில் தண்ணீரின் வெளிச்சம் அலைந்துகொண்டிருந்தது. புகைப்படக்காரர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். அண்ணி நிதானமாகப் படித்தாள். சொட்டக்கா எழுதினாள். பேராசிரியர் ஒரு குடையைப் பிடித்தபடி, அது யாருக்கு என்று முடிவு செய்ய முடியாமல் நின்றார்.

முதல் பத்துக் கேள்விகளுக்குத் துணைவேந்தர் மேடைக் குரலில் பதில் சொன்னார். 'உங்கள் வீட்டில் எத்தனை பேர்?' என்பதற்கு மானுடமே தன் குடும்பம் என்றார்.

"அவ்வளவு பேருக்குக் கட்டம் இல்ல சார்" என்றாள் அண்ணி. "ரெண்டுன்னு போட்டுக்கவா?"

"...ரெண்டுதான்."

மெல்ல மெல்ல அந்தக் குரல் இறங்கியது. வண்டுகளின் ரீங்காரம், அடியில் மோட்டாரின் முனகல், படிவத்தைப் புரட்டும் சத்தம். அவருடைய கண்கள் பாதி மூடியிருந்தன. நல்ல தூக்கத்தில் யாராவது பேர் கேட்டால் பொய் சொல்லத் தோன்றாதே, அந்த நிலைக்கு அவர் வந்துவிட்டிருந்தார்.

"பதினேழு. உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"குழாய்ல."

"குழாய்க்கு?"

"மேல தொட்டி இருக்கு."

"தொட்டிக்கு?"

"விடுதிக் கிணத்துலேர்ந்து ஏத்துறாங்க. எல்லாக் குடியிருப்புக்கும் அதுதான்."

"கிணத்துக்கு?"

துணைவேந்தர் கண்ணைத் திறந்து குளத்தைப் பார்த்தார். கறுப்புக் கோட்டைப் பார்த்தார். அதற்கு ஒரு முழத்துக்கும் கீழே, தன் காலணிக்குப் பக்கத்தில், அமைதியாக இருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"இங்கேர்ந்து" என்றார், வேறு யாரோ சொன்னதுபோல.

சொட்டக்கா எழுதினாள். அண்ணி பதினெட்டாவது கேள்விக்குப் போனாள்.

மறுநாள் மையத்தின் கண்ணாடிக் கதவு அவள் தட்டுவதற்கு முன்பே திறந்தது. பேராசிரியர் காத்திருந்தார்.

"அந்தப் பதினேழை மட்டும் எடுத்துடுவோம். அவர் களைப்புல சொன்னது."

"சுவத்துல மாட்டியிருக்கீங்களே சார், ஆறாவது விதி. சொன்னவரே வரணும்."

பேராசிரியர் திரும்பித் தன் சுவரை முதல்முறையாகப் படித்தார்.

வெள்ளிக்கிழமை விடியலில் பனிப்புகை குளத்தின்மேல் படுத்துக் கிடந்தது. சொட்டக்கா அளவுகோலோடு போனபோது பாறைமேல் ஓர் உருவம். புகைக்கு நடுவே அது ஏதோ கொக்கு என்றுதான் முதலில் நினைத்தாள். கைக்குட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"வாபஸ் வாங்க வந்திருக்கேன்" என்றார் துணைவேந்தர். "இதைச் சொன்னா போதுமா, இல்ல ஏதாவது படிவம் இருக்கா?"

"சொன்னா போதும் சார். ஆனா எது தப்புன்னு சொல்லணும். அதையும் எழுதிக்குவோம்."

"தண்ணி இறங்குறதுக்குக் கிணறு காரணமா இருக்கணும்னு அவசியம் இல்லையே. மழை குறைஞ்சிருக்கலாம். இறங்கியிருக்குங்கறதுக்கே சரியான அளவு இருக்கா?"

அவள் நோட்டை நீட்டினாள். அவர் புரட்டினார். மழை பெய்த நாட்கள் தனி நிறத்தில் இருந்தன. மழைக்குப் பிறகும் இறங்கிய நாட்கள் இருந்தன. மோட்டார் பழுதாகி நின்ற நான்கு நாட்களும் இருந்தன. அந்த நான்கு நாளும் ஏறியிருந்தது. ஒரு பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. பிறகு பக்கங்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் பார்க்க ஆரம்பித்தார்.

"இந்த ஏழை எங்கயோ பாத்திருக்கேன்."

"உங்க ஆய்வேட்டுல சார். மூணாவது அத்தியாயம் முழுக்க."

புகை அவர்களுக்கு நடுவே வந்து, யோசித்து, நகர்ந்தது. மோட்டார் முனகிற்று.

"எண்ணூத்து நாப்பது தடவை அளந்தோம்" என்றார் அவர். "நான் பாதி நாள் தூங்கிட்டேன். காலைல வந்து பாத்தா எல்லாம் எழுதி வச்சிருப்பீங்க."

"ஆமா சார்."

"ஒரு தடவைகூட நான் சரிபாக்கல."

"தெரியும் சார்." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை; அளவு சொல்கிற குரல்தான். "இந்த ஏழு தப்புன்னா அந்த ஏழும் தப்புதானே. ரெண்டும் ஒரே கைதான். எதைத் தப்புன்னு எழுதிக்கட்டும்?"

அவர் நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். முனைவர் பட்டம், அதன்மேல் பேராசிரியர் பதவி, அதன்மேல் துறைத்தலைமை, எல்லாவற்றுக்கும் மேலே காருக்கு முன்னால் பறக்கிற சின்னக் கொடி. அத்தனையும் அடியில் ஒரு குறுக்குக் கோடு போட்ட ஏழின்மேல் நின்றுகொண்டிருப்பதை அவர் பனிப்புகையில் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். பிறகு கைபேசியை எடுத்தார்.

"விடுதி மோட்டாரை நிறுத்துங்க... இல்லப்பா, பழுதெல்லாம் இல்ல. நான் சொல்ற வரைக்கும்... குளிக்கட்டும், தொட்டியில இருக்கிறதுல குளிக்கட்டும்."

முனகல் நின்றது. இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுக் காதில் தேய்ந்துபோன சத்தம், நின்றபோதுதான் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்தது. கரையில் ஏதோ ஒரு வீட்டில் கதவு திறந்தது. யாரோ திடுக்கிட்டு விழித்திருக்க வேண்டும்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் வந்து புகையை மடித்து வைத்தது. துணைவேந்தர் காலணியைக் கழற்றினார், கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அவருடைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து வந்து ஓய்ந்தது. அண்ணி ஒருமுறை வந்து எட்டிப் பார்த்து, "யாருடி இது, நம்ம வாபஸா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் போய்விட்டாள்.

பத்து மணிக்கு மூன்றாவது மாடியில் யாரும் கண்ணாடியைத் தட்டவில்லை. சொட்டக்கா குளத்தில் குனிந்து, கறுப்புக் கோட்டில் அளவுகோலின் தலையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். நிறம் மாறுகிற சொட்டுக்குக் காத்திருப்பது போலத்தான் இதுவும். அறுபது புள்ளி மூன்று.

"எவ்வளவுக்கா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. இருபது ஆண்டுகளாக அவர் வாயில் வராத சொல்.

"நேத்தைவிட ஏழு மில்லிமீட்டர் ஏறியிருக்கு."

"அந்தப் பதினேழு அப்படியே இருக்கட்டும். புதுக் கிணத்துக்கு நான் கையெழுத்துப் போடல."

"அதையும் எழுதித் தந்துடுங்க சார். வாய்மொழின்னு பின்னிணைப்புல போட்டுடுவாங்க."

அவர் கையை நீட்டி நோட்டை வாங்கினார். அவள் முதலில் தன் வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் கொடுத்தாள்: தேதி, நேரம், மோட்டார் இல்லை, பிறகு ஏழு. அதன் குறுக்கே கோடு.