ஆற்றுக்காகப் பேசியவரின் பங்குகள்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. கிளேபாங் கடலோரச் சாலையில் பலகாரக் கடை வைத்திருக்கும் தேவமலர், மழை பிடித்துக்கொண்டு ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு பிற்பகலில் எனக்குச் சொன்னது. நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதுங்க சார். ஆனா வைபிய கெட்டவரா எழுதாதீங்க. நல்லவராவும் எழுதிடாதீங்க. கூடவே இருந்த எனக்கே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

(எங்கள் பக்கத்தில் வைபி என்றால் சட்டமன்ற உறுப்பினர். மாண்புமிகு என்பதன் மலாய்ச் சுருக்கம்.)

தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

'ஆறு செத்துக் கிடந்தது. அதன் மேல்'

நிறுத்திவிட்டேன். தேவமலர் சொன்ன ஆறு சாகவில்லை. நாறியது, அவ்வளவுதான். செத்தது என்று எழுதினால் அழுதுவிட்டுப் போய்விடலாம். நாறுகிறது என்றால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

'பரமேஸ்வரன் மற்ற அரசியல்வாதிகளைப் போன்றவர் அல்லர். அவர்'

இதுவும் உதவாது. 'அவர்' என்பதற்குப் பிறகு எந்தச் சொல்லைப் போட்டாலும் நிபந்தனை உடைகிறது. எனவே தேவமலரிடமிருந்தே தொடங்குகிறேன்.

2.

செலண்டாரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் முடிவில் இருக்கிறது தெராத்தாய் தோட்டம். (வரைபடத்தில் தேடாதீர்கள், பெயர் நான் வைத்தது.) தேவமலர் அங்கே பாலர் பள்ளி ஆசிரியை. கணவர் நல்லமுத்து வாலிப வயதிலிருந்து பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்டம் அவருக்குக் கணக்கு முடித்துப் பணம் கொடுத்தது. பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்கு நெருப்புப் போடும் வேலைக்குப் போனார்.

அந்த ஆலையின் கழிவுதான் ஆற்றில் இறங்கியது. தண்ணீர் காப்பி நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடும். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் பிள்ளைகள் அதில்தான் குளித்தார்கள். பாலர் பள்ளியில் பாதிப் பேருக்கு முழங்காலுக்குக் கீழே சிரங்கு. தேவமலர் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார், பிள்ளைகள் சொறிந்துகொண்டே பாடும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுத் தேர்தலுக்கு வேட்பாளராகப் பரமேஸ்வரன் வந்தார், தேவமலர் சொன்ன அந்த வைபி. காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கி நின்றார்.

"இந்த ஆத்துல உங்க பிள்ளைங்க பயமில்லாம குளிக்கணும். அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

அதுவரை ஓட்டுக் கேட்டு வந்த யாரும் அதில் கால் வைத்ததில்லை. தேவமலர் தோட்டத்து வரிசைவீடுகளில் லயம் லயமாக நடந்து அவருக்காக ஓட்டுக் கேட்டார். அவர் ஜெயித்தார்.

ஜெயித்த பிறகும் அவர் ஆற்றை மறக்கவில்லை. மரம் நட்டார், துப்புரவு ஊர்வலம் நடத்தினார், ஏறிய மேடையிலெல்லாம் ஆற்றைப் பற்றிப் பேசினார். ஆலையின் பெயரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. ஏன் என்பது ஆலையின் ஆண்டு விருந்தில் தெரிந்தது. எல்லாரையும் வரவேற்ற மேனேஜர், "நம்ம பங்குதாரர் வைபி பரமேஸ்வரன் அவர்களே" என்றார். பரமேஸ்வரன் எழுந்து கும்பிட்டார். அது ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. விருந்துக்குப் போய் வந்த நல்லமுத்து, வீட்டில் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். தேவமலர் தட்டை ஒதுக்கி வைத்தார்.

3.

(இந்த இடத்தில் ஒரு கட்டுரையை நுழைக்கப் பார்த்தேன். 'பொதுவாழ்வில் இருப்பவரின் முதலீடு அவருடைய நாக்கைக் கட்டிப்போடுகிறது' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது. என் சேமநிதிப் பணம் எந்தெந்தப் புகைபோக்கிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது என்பது அப்போது உறைத்தது. கட்டுரை அங்கேயே நின்றது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நான் யாரிடமும் ஓட்டுக் கேட்டதில்லை.)

மறு வருடக் கோயில் திருவிழாவில் பரமேஸ்வரன் பேசி முடித்ததும் தேவமலர் எழுந்து நின்றார்.

"அண்ணே, ஒரு கேள்வி."

"கேளு மலர். நீ கேக்காம யாரு கேக்கறது?"

"ஆத்த நாசம் பண்றது ஆலை. ஆலையில உங்க காசு இருக்கு. அப்ப நீங்க யார் பக்கம்?"

கட்சிக் கிளைச் செயலாளர் வீராசாமி, "உக்காரும்மா, இது கோயிலு" என்றார்.

"கோயில்லதான் கேக்கணும். மொதல்ல அந்தப் பங்க வித்துடுங்க அண்ணே. கையக் கழுவிட்டு வந்து ஆத்தப் பத்திப் பேசுங்க. அது வரைக்கும் பேசாதீங்க."

பரமேஸ்வரன் "சரி" என்றார்.

இந்த இடத்தில் எனக்குத் தேவமலர் மீது சந்தேகம் வந்தது. எழுதுகிறவனுக்கு இவ்வளவு வசதியான ஒரு பெண் இருக்க முடியுமா? கதையை இங்கே நிறுத்தினால் அவர் வென்றவராகிவிடுவார், நீங்களும் நிம்மதியாக விளக்கை அணைக்கலாம். ஆனால் அவர் நிறுத்தவில்லை. தொடர்ந்து சொன்னார்.

4.

சில மாதங்கள் கழித்து வீராசாமி லயத்துக்கு வந்தார். கணக்கு முடித்துப் பணம் வாங்கிய பழைய ஆட்களின் வீடுகளாகப் பார்த்து ஏறினார்.

"வைபி தன்னோட பங்க நம்ம ஆளுங்களுக்கே குடுக்கறாரு. வெளியாளுக்குப் போக வேணாம்னுட்டாரு. எத்தன நாளைக்குலா கூலிக்காரனாவே இருக்கறது?"

நல்லமுத்து வைத்திருந்ததையெல்லாம் போட்டார். அவரைப் போலவே பலரும்.

"மலரு, இனிமே நான் நெருப்புப் போடற ஆலையில நானும் ஒரு முதலாளி!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்துத் தேவமலர் பார்த்ததில்லை. அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார். வைபி விற்றுவிட்டார் என்பதுதான் தேவமலர் காதில் விழுந்தது. யாரிடம் விற்றார் என்பது எதிரே உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தது. அதை அவர் யோசிக்கவில்லை.

5.

அதன் பிறகு சட்டமன்றத்தில் பரமேஸ்வரன் ஆலையின் பெயரைச் சொன்னார். மிதந்த மீன்களின் படத்தையும் பிள்ளைகளின் கால்களின் படத்தையும் தூக்கிக் காட்டினார். பத்திரிகையில் வந்தது. அதிகாரிகள் வந்தார்கள், கழிவுக் குளங்களைப் புதிதாக வெட்டச் சொன்னார்கள். நிர்வாகம் கையை விரித்தது. தொண்ணூற்றெட்டில், ரிங்கிட் நாணயத்தின் மதிப்பு விழுந்து கிடந்த நேரத்தில், ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். கம்பெனி திவாலானது. நல்லமுத்துவுக்கு ஒரே நாளில் வேலையும் போனது, முதலும் போனது.

ஆறு தெளிந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அடிமணல் தெரிந்தது. பிள்ளைகளின் கால்களில் புண் ஆறி, புதுத்தோல் வந்தது.

ஒரு நாள் காலையில் நல்லமுத்து ஆற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து மனைவியின் முன்னால் வைத்தார்.

"ஆறு வேணும், ஆறு வேணும்னு நீதானே கேட்ட? இந்தா. குடி."

தேவமலர் எடுத்துக் குடித்தார்.

"தண்ணி நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றார் என்னிடம்.

6.

பாச்சாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் பரமேஸ்வரனின் சேவை மையம் இருந்தது. தேவமலர் பஸ் ஏறிப் போனார்.

"மூடப்போறது தெரிஞ்சுதான் எங்க தலையில கட்டினீங்களா அண்ணே?"

"மூடுவாங்கன்னு நான் கனவா கண்டேன்? குளத்த வெட்டுவானுங்க, ஆலையும் ஓடும், ஆறும் பொழைக்கும்னு நெனச்சேன். விக்கச் சொன்னது நீ. வித்தேன். வித்துட்டுப் பேசச் சொன்ன. பேசினேன். நீ சொன்னதுல எத நான் செய்யல?"

"எங்களுக்கு விக்கச் சொன்னேனா?"

"யாராவது வாங்கித்தானே ஆகணும், மலர்."

தேவமலர் வேறொன்றைக் கேட்டார். "பங்கு உங்க கையிலேயே இருந்திருந்தா பேசியிருப்பீங்களா?"

பரமேஸ்வரன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இல்ல" என்றார். "பேசியிருக்க மாட்டேன்."

(அவர் கண் கலங்கியது என்று முதலில் எழுதியிருந்தேன். தேவமலர் அப்படிச் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.)

7.

முடிவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு முடிவுகளை எழுதிக் கடைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன்.

முதலாவதில் நல்லமுத்து களைக்கொல்லியைக் குடித்துவிடுகிறார். தேவமலருக்குக் கோபம் வந்தது. "அவரு உசுரோட இருக்காரு சார். ஜொகூர்ல காவல் வேல. என்கூடப் பேசறதில்ல, வீட்டுக்கு வர்றதில்ல. அதுக்காகச் சாகடிச்சிருவீங்களா?"

இரண்டாவதில் பரமேஸ்வரன் எல்லாருடைய பணத்தையும் திருப்பிக் கொடுக்கிறார். அதற்குத் தேவமலர் கோபப்படக்கூட இல்லை. எண்ணெய்ச் சட்டியில் வெந்ததைத் திருப்பிப் போட்டார்.

உண்மையில் நடந்தது இது. தொண்ணூற்றொன்பதில் மறுபடி தேர்தல். 'ஆற்றை மீட்ட அண்ணன்' என்று பரமேஸ்வரனின் சுவரொட்டி. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வீராசாமி வந்து, "நீங்கதானே அன்னிக்குக் கேள்வி கேட்டீங்க. நீங்களே மேடையில ரெண்டு வார்த்த சொல்லிருங்கம்மா" என்று கூப்பிட்டார். தேவமலர் போனார். பந்தலுக்குள் தாய்மார்கள், மடியில் புண்ணில்லாத பிள்ளைகள். பந்தலுக்கு வெளியே, வெயிலில், பங்கு வாங்கிய பழைய ஆட்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

அந்தத் தேர்தலிலும் பரமேஸ்வரன் ஜெயித்தார். தேவமலர் தோட்டத்தைக் காலி செய்துவிட்டு இந்தக் கடற்கரைக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மேடையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை.

அந்தப் பேச்சை எழுதிப் பார்த்தேன். 'இவர் சொன்னதைச் செய்தவர்' என்று தொடங்கலாம், உண்மைதான். 'இவர் எங்களை விற்றவர்' என்றும் தொடங்கலாம், அதுவும் உண்மைதான். ஒன்றை எழுதினால் பந்தலுக்குள் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள், மற்றதை எழுதினால் வெயிலில் நிற்பவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை, அதனால் பாதியிலேயே விடுகிறேன். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியாது. கொஞ்சம் முன்னால் வாருங்கள். ஒலிபெருக்கி இரைகிறது. தேவமலர் தொண்டையைச் செருமிக்கொண்டு,