ஐந்து நிமிடப் பதிவு

ஐந்தே ஐந்து நிமிடம்தான் கேட்டார் அந்த மேடம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அவ்வளவுதான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்காகத்தானே நான் வேலையையே உதறிவிட்டு வந்தேன்!

என் மகளுக்கு ஆறு வயது. வீட்டில் எல்லாருக்கும் அவள் பொடிசு. மூன்று வயதில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், நாலு வயதில் திக்க ஆரம்பித்தாள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடுவாள். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் வாயே திறப்பதில்லை, கையை மட்டும் தூக்குகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். பேச்சுப் பயிற்சி நிலையத்தில் பெயர் எழுதிவைத்து எட்டு மாதம் காத்திருந்தோம். ஒருவழியாக இடம் கிடைத்தது, வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு.

நான் அப்போது மருந்துக்கடையில் இருந்தேன். முதலாளியிடம் போய், வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் வெளியே போக வேண்டும் என்றேன்.

"வாரா வாரமா? அப்ப உங்க பொண்ணு வந்து கவுன்டர்ல நிக்குமா?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தால் முன்பின் யோசிக்க மாட்டேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடிக்கக்கூடச் செய்யாமல், அவர் மேஜைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாளே டெலிவரி ஆப் ஒன்றில் சேர்ந்தேன். 'உங்கள் நேரம் உங்கள் கையில்' என்று அதன் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஸ்கூட்டர் இருந்தது, கையில் போன் இருந்தது. முதுகில் மாட்டுகிற பையை அவர்களே கொடுத்தார்கள். பிடித்தால் ஓட்டலாம், பிடிக்காவிட்டால் ஆப்பை அணைத்துவிடலாம். கேட்க முதலாளி என்று ஒரு ஆள் கிடையாது. மருந்துக்கடைக்காரர் முகத்தில் கரியைப் பூசிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான்கு மாதம் என்னைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "நடுவுல மாட்டிக்கிட்டவங்களை நான் தினமும் வெளிய எடுக்கறேன். உன்னை யாரு எடுக்கறதுன்னுதான் தெரியல."

அவர் சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதை நான் எப்போதோ விட்டிருந்தேன். ஆர்டர் வந்தால் போன் அலறும். திரையில் ஒரு வட்டம் தெரியும், அது முப்பது வினாடியில் சுருங்கி மறையும். அதற்குள் தொட வேண்டும். மூன்று முறை விட்டுவிட்டால் அன்றைக்கு அந்த ஆப் நம்மைச் சீண்டாது, மற்றவர்களுக்கு ஆர்டர் போய்க்கொண்டிருக்கும். அதனால் குளிக்கும்போது போன் வாளிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும். சாப்பிடும்போது இடது கை போன்மேல் இருக்கும். சும்மா உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

அணைத்து வைக்க வேண்டியதுதானே, என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அணைத்தும் பார்த்தேன். அணைத்த இரண்டாவது நிமிடம், இப்போது பெரிய ஆர்டர் ஒன்று என் தெருவிலேயே வந்திருக்கும், வேறு யாரோ தட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. காசு மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். மருந்துக்கடையில் நான் இருக்கிறேனா இல்லையா என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே யாரோ என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முப்பது வினாடி தோன்றும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த அலறல் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த நேரத்தில்தான் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அதட்டாமல் பேசுவார், ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"தினமும் அஞ்சு நிமிஷம், நீங்களும் அவளும் மட்டும். என்ன விளையாடணும்னு அவ முடிவு பண்ணட்டும். வார்த்தை மாட்டிக்கிச்சுன்னா நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க, காத்திருங்க. அதை போன்ல ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க. மூணு வாரத்துல பதினஞ்சு வேணும்."

"பண்ணிடலாம் மேடம்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. வெளிய நாப்பது குழந்தைங்க காத்துட்டு இருக்காங்க. வீட்டுல பண்ணாதவங்களுக்கு நான் இடத்தைப் பிடிச்சு வச்சிருக்க முடியாது. மூணு வாரம் கழிச்சுப் பாத்து, இடம் உண்டா இல்லையான்னு எழுதிடுவேன்."

பொடிசுக்கு அந்த அறை பிடித்திருந்தது. அங்கே மட்டும்தான் அவள் முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறந்தாள். அந்த இடம் போனால் மறுபடி எட்டு மாதம். அதற்குள் இரண்டாம் வகுப்பு வந்துவிடும்.

மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் மரக்கட்டைகளைக் கொட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு நடுவில் வைத்தேன். வேலைக்கும் அதே போன்தான், ஆப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஐந்து நிமிடத்துக்குள் வந்தா விடப்போகிறது என்ற நம்பிக்கைதான். வந்துவிட்டது. "ஒரே நிமிஷம்டா செல்லம், மிச்சத்தை வந்து விளையாடலாம்" என்று கிளம்பினேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டுப் போய், இருட்டுகிற நேரத்தில் திரும்பினேன். மரக்கட்டைகளை அவளே எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

இப்படியே போனது. சில நாள் இரண்டு நிமிடம், சில நாள் மூன்றரை. எப்படியும் ஒரு பதிவு ஆயிற்றே என்று சேர்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றைக்கூடத் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் புதன்கிழமை, ஒரு கடை வாசலில் பொட்டலத்துக்காக நின்றுகொண்டிருந்தபோது, இருந்த பன்னிரண்டையும் மேடத்துக்குத் தள்ளிவிட்டேன். கடன் கழிந்தது என்று பெருமூச்சு விட்டேன்.

வியாழக்கிழமை மூன்று மணி. பொடிசு அறையின் மூலையில் பாயில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார்.

"பதினஞ்சு கேட்டேன், பன்னெண்டு வந்திருக்கு. அதுல ஒண்ணுகூட அஞ்சு நிமிஷம் இல்ல."

"மேடம், சாயங்காலம்தான் ஆர்டர் குவியற நேரம். நான் என்ன..."

"நான் உங்களைத் திட்ட வரல. திக்குறது உங்களால வந்ததும் இல்ல, அதை முதல் நாளே சொல்லிட்டேன். இதைக் கொஞ்சம் கேளுங்க. ஒவ்வொண்ணுலயும் கடைசி பத்து வினாடி மட்டும் எடுத்து வச்சிருக்கேன்."

முதல் பதிவு. பொடிசு 'க' என்ற எழுத்தில் மாட்டிக்கொண்டு திணறுகிறாள். ஆர்டர் அலறுகிறது. அந்த அலறலுக்கு மேலே அவள் குரல் கேட்கிறது: "அம்மா, ஆர்டர் வந்துருச்சு. போ."

தண்ணீர் மாதிரி வந்தது அந்தப் பேச்சு. ஒரு இடத்தில்கூடத் தடங்கல் இல்லை.

இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில் பாதி வார்த்தையை அப்படியே விட்டுவிட்டு அதைச் சொல்கிறாள். நான்காவது, ஐந்தாவது. இத்தனை நாளும் அவள் இதைச் சொல்வது என் காதில் விழவே இல்லை. நான் வட்டத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்!

"அவ முழுசாத் திக்காம சொல்றது இந்த ஒண்ணுதான்," என்றார் மேடம். "இப்ப பதினொண்ணாவதைக் கேளுங்க."

அதில் பொடிசு ஏதோ ஒரு மாட்டைப் பற்றிச் சொல்ல வருகிறாள். "மா... மா... மா..." என்று வெகுநேரம் போராடுகிறாள். அறையில் வேறு சத்தமே இல்லை. என் கால் தரையில் தட்டுவது மட்டும் கேட்கிறது. சட்டென்று அவள் நிறுத்துகிறாள். "அம்மா, ஆர்டர் வந்துருச்சு. போ."

போன் அலறவே இல்லை. ஆர்டரும் வரவில்லை. ஆனால் நான் போனை எடுக்கும் சத்தம் கேட்கிறது, பதிவு முடிந்துவிடுகிறது. அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. வந்த ஆர்டர் கைநழுவிவிட்டது என்று எரிச்சல்பட்டு, வாசலில் போய் நின்றுகொண்டேன்.

மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூலையில் இருந்தவளையும் பார்க்க முடியவில்லை. என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னைக்கு நான் எழுதியாகணும்," என்றார் மேடம். "எழுதறதுக்கு முன்னாடி இங்கயே ஒண்ணு பண்ணுங்க. அஞ்சு நிமிஷம். நான் அந்தப் பக்கம் இருக்கேன்."

போய்ப் பாயில் உட்கார்ந்தேன். போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். பொடிசு ஒரு கட்டத்துக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மடியில் அலறியது. வட்டம் சுருங்க ஆரம்பித்தது. இங்கே வருகிற வழியில் ஏற்கெனவே இரண்டை விட்டிருந்தேன், இது மூன்றாவது. விரல் தானாக எழுந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

பொடிசு பென்சிலைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். திரை முழுவதும் கறுப்பாகும்வரை விடவில்லை. போனைப் பைக்குள் போட்டு, பையைக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளினேன்.

கால் ஆடியது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்து முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அத்தனை நேரம் நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

"நீ இ... இ... இன்னைக்குப் போகலையா?"

"போகலடா."

அவள் பென்சிலை மறுபடி கையில் எடுத்தாள்.

"அப்ப நான் மெ... மெ... மெதுவாவே பேசலாமாம்மா?"