நிழல் குடித்த சுவர்

ரோடோபி மலையூரின் பூங்காவில் குளத்துக் கல்சுவர் மூன்று முறை இடிந்து விழுந்தது. தோட்டம் முழுவதையும் ஒரே கலைப்படைப்பாக அமைக்க தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்திருந்த சிற்பி கிராசிமிர், கொத்தன் சப்ரியானைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னய்யா, சுவரு கட்டுறியா, சீட்டுக்கட்டு அடுக்குறியா?"

சப்ரியானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மலைப்பக்கத்துக் கொத்தர்கள் வெளியே சொல்லாமல் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். சிற்பி வெயிலில் நின்றபோது, பின்னால் குந்தி, தலை நிமிராமல், தரையில் விழுந்த நிழலைச் சிவப்பு நூலால் அளந்தான். நூலை அடிக்கல்லுக்குக் கீழே புதைத்து, மேலே சுவரை மறுபடி எழுப்பினான். இனிச் சுவர் நிற்கும். நிழலுக்கு உரியவர் நாற்பது நாளில் போய்ச் சேர வேண்டியதுதான்.

சுவர் நின்றது. "இந்தத் தோட்டம் என்றென்றும் நிலைக்கும்" என்று பித்தளைப் பலகை பதித்துத் திறப்பு விழாவும் நடத்தினார்கள். கிராசிமிர் குண்டுக்கல் மாதிரி இருந்தான்.

முப்பதாம் நாள், பீன்ஸ் சூப்பை ஊற்றிக்கொண்டே சப்ரியானின் மனைவி நெதியால்கா இருமினாள். ஒரு வாரமாகவே இருமல்தான். இருமலுக்கு நடுவே சிரிப்பு வேறு.

"அன்னிக்கு நூல வெச்சுக்கிட்டு என்னத்த அளந்தே? அந்தாளு அப்பவே நகந்து போயிட்டாரு. ரொட்டி கொண்டாந்து நின்னது நான்! என் நிழலப் போயி அளந்துட்டிருந்தியே, கிறுக்கா!"

சப்ரியான் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு ஓடினான். மூன்று முறை தானாகவே விழுந்த சுவர் அது. பொழுது சாயும்வரை இடித்தான். ஒரு கல்கூட அசையவில்லை.