முடியாத கதையாப் பார்த்து எடுங்க

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மடிக்கலாம், ஆனால் மடித்த மாதிரி இருக்காது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி நின்று, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தால்தான் அது விரிப்பு. இல்லாவிட்டால் மூட்டை. அந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மடிப்பு அறைக்கு எந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டானோ, ஐந்து பெண்களைப் போட்டிருந்தான். இரண்டு ஜோடி போக ஒருத்தி எப்போதும் மீதி. அந்த ஒப்புக்குச் சப்பாணியிடம் தலையணை உறைகளைத் தள்ளிவிட்டார்கள். அவளோ மதியச் சாப்பாட்டுக்குள் அத்தனையையும் அடுக்கிவிட்டு, சுவரோரம் கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, நோயாளி யாரோ விட்டுப்போன புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். அந்த அறைக்குள் நாவல் நுழைந்தது இப்படித்தான்.

படித்தவளுக்கு ரேடியோ என்று பேர் விழுந்தது. சும்மா விழவில்லை. அவள் வாயில் கிழவன் பேசினால் ஒரு கிழவன் இருமிக்கொண்டே வந்து துணிக் குவியல் மேல் உட்காருவான். பக்கத்து அறையில் பிழியும் இயந்திரம் எப்போது கத்தப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் கதையை ஓட்டிக்கொண்டு போய் மூடின கதவு ஒன்றின் முன்னால் நிறுத்திவிடுவாள். இயந்திரம் கத்தி ஓயும்வரை மற்ற நாலு பேரும் அந்தக் கதவையே பார்த்தபடி மடிப்பார்கள். அவள் குரல் ஏறினால் விரிப்பு உதறுவது ஏறும், இறங்கினால் இறங்கும். சூப்பர்வைசர் ஒருநாள் திட்டத்தான் வந்தார். வழக்கத்தைவிடக் குவியல் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நாலு பேரில் மூத்தவளைப் பெரியக்கா என்பார்கள். அவளுடைய விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பது புருஷனின் தங்கச்சி. வீட்டிலும் நாத்தனார், வேலையிலும் நாத்தனார். இன்னொரு ஜோடி ஒல்லியும் மேடமும். ஒல்லி உண்மையிலேயே ஒல்லி. மேடம் கைப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு வருவதால் மேடம்.

பெரியக்கா தலை நரைத்த பிறகு மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவள். வீட்டில் தானாகவும் படிப்பாள். ஆனால் ரேடியோ மாதிரி வருமா? அவளுக்கு ஒவ்வொரு புத்தகத்தின் தொடக்கமும் கரண்ட் போன நேரத்தில் புது வீட்டுக்குக் குடிபோன மாதிரி. யார் யாருக்கு மாமன், எவள் எவனுக்குத் தங்கச்சி, எதுவும் பிடிபடாமல் முட்டிக்கொண்டே போவாள். அறைகள் பழகி, கை தானாக சுவிட்சைத் தேடிப் போகிற நேரத்தில் கதை முடிந்துவிடும். மறுபடி மூட்டையைக் கட்டு, மறுபடி புது வீடு. ரேடியோ படிக்கும்போது அந்த வேதனை இல்லை. முதல் வரியிலேயே அவள் விளக்கைப் போட்டுவிடுவாள். அதை நினைத்து நினைத்துப் பெரியக்கா வியப்பாள். கற்றுக்கொண்டதா, கூடப் பிறந்ததா இது?

அப்படிப்பட்ட ரேடியோவுக்கு வேலை மாற்றம் வந்தது. அவள் குரல் சுவர் தாண்டி யார் காதிலோ விழுந்திருக்கிறது. மாதக் கடைசியில் முன்கூடத்துக்கு வந்து மைக்கில் நோயாளிகளின் பேரைக் கூப்பிட வேண்டுமாம்.

"நீ கூப்பிட்டா நோயாளி எந்திரிச்சு வரமாட்டான்டி. மேல சொல்லுன்னு உட்கார்ந்துக்குவான்" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ரேடியோ பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று தனி நாவல். சிறையிலிருந்து வருகிறவன் தன் வீட்டில் வேறொரு குடும்பம் இருப்பதைப் பார்க்கிறான், அங்கே தொடங்குகிறது. இன்னொன்று செங்கல் கனம். ஒரு விடுதியும் அதை நடத்துகிற குடும்பமுமாக ஐந்து பாகம் ஓடுகிற கதையில் முதல் பாகம். மீதி நாலும் மேல்மாடிப் புத்தக அலமாரியில் இருக்கின்றனவாம்.

"போறதுக்குள்ள ஒண்ணுதான் படிக்க முடியும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"இதுல கேள்வி என்ன? தனி நாவல்தான்" என்றாள் மேடம். "அஞ்சு பாகம் முடியறதுக்குள்ள எனக்கு அஞ்சு பேரன் பொறந்துடுவான்."

"எனக்கும் அதான். தொடர்கதைல ஒருநாள் லீவு போட்டாப் போச்சு" என்று ஒல்லி இழுத்தாள். "மறுநாள் வந்தா புதுசா ஒரு மருமகள் இருப்பா. இவ எங்கிருந்துடி வந்தான்னு கேட்டா எல்லாரும் முறைப்பீங்க."

நாத்தனார் விரிப்பை உதறினாள். "தனி நாவல் விருந்தாளி மாதிரி. வந்தான், நல்லாப் பேசினான், செருப்பை மாட்டிக்கிட்டுப் போய்ட்டான். நாமும் நிம்மதியாப் படுக்கலாம். தொடர்ங்கறது மாமியார் பெட்டியோட வந்து இறங்கற மாதிரி. எப்பம்மா கிளம்புவீங்கன்னு கேக்க முடியுமா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன தடவை படித்த தனி நாவலின் கடைசிப் பக்கத்தில் நாலு பேரும் விரிப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். யாருக்கும் நடந்து வந்து முனை சேர்க்கத் தோன்றவில்லை. ஒரே மூச்சில் முழு வாழ்க்கையையும் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிற அந்த வித்தை சாமானியமானதல்ல, பெரியக்காவுக்கு அது தெரியும். சாத்தின கதவுக்கு வெளியே நிற்கிற வேதனையும் தெரியும்.

"தனிக்கதைன்னா முடிச்ச மாதிரியும் ஆச்சு, இவளை வழியனுப்பின மாதிரியும் ஆச்சு" என்றாள் மேடம்.

வாசலில் நின்ற சூப்பர்வைசரும் தலையாட்டினார். "ஆமாம்மா, நல்லபடியா முடிச்சுக்கங்க. புதுசா வர்ற ஆளு உறையை மடிச்சா போதும். நாற்காலியை ஸ்டோர்ல போட்டுடறேன், வழியை அடைக்குது."

பெரியக்கா நாற்காலியைப் பார்த்தாள். முடித்தால் எல்லாமே முடிந்ததுதான். அப்புறம் மதியம் என்றால் இயந்திரம் கத்துவதும் இடுப்பு வலிப்பதும் மட்டும்தான். கதை பாதியில் நின்றால்தான் யாராவது தூக்கிக்கொண்டு நடந்தாக வேண்டும்.

"முடியாத கதையாப் பார்த்து எடு" என்றாள்.

"யாரு படிப்பா மீதியை?" என்றாள் மேடம்.

ஒல்லிக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. மேடத்துக்குக் கண்ணாடி போட்டாலும் மங்கல். நாத்தனாருக்கு ஒரு பத்தி தாண்டினால் கொட்டாவி வந்துவிடும்.

"நான் படிக்கறேன்."

நாத்தனார் தன் முனையை நழுவவிட்டாள். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க மருந்துச் சீட்டைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள காய்ச்சலே போயிடும்."

"போனா நல்லதுதானே" என்றாள் பெரியக்கா. ரேடியோ சிறைக்காரனைப் பைக்குள் போட்டுவிட்டுச் செங்கலைப் பிரித்தாள்.

அந்த மாதம் அவள் படித்ததுதான் படிப்பு. விடுதிக்காரியை அவள் கொண்டுவந்து நிறுத்திய விதம் அப்படி. யார் அழுதாலும் முதலில் பாக்கியைக் கேட்டுவிட்டு அப்புறம் தட்டில் சோறு போடுகிறவள். புருஷன் செத்த அன்றைக்கும் ஆறு அறைகளுக்கும் வெந்நீர் வைத்தவள். மூத்த மகன் தொட்டதெல்லாம் விளங்காதவன். ஆனால் சிரித்தே ஆளைக் கவிழ்ப்பான். சின்ன மகள் வாயைத் திறந்தால் பொய். நாத்தனார் சாப்பாட்டு நேரத்திலும் அவர்களை ஏசினாள். "அந்தப் பய மட்டும் எங்க வீட்டுல பொறந்திருக்கணும்" என்று பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வதுபோலச் சொன்னாள். மகன் அம்மாவின் பெட்டியைத் திறந்து நகையோடு ஓடுகிற இடத்தில் முதல் பாகம் முடிந்தது. மறுநாள் ரேடியோ முன்கூடத்துக்குப் போய்விட்டாள்.

சூப்பர்வைசர் இரண்டாம் பாகத்தையும் பெரியக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு நாள் விடறேன். மணியடிக்கும்போது குவியல் மிச்சம் இருந்தா நாற்காலி ஸ்டோருக்குப் போயிடும். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

பெரியக்கா உறைகளை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் நின்ற கால்களுக்கு உட்கார்வதே கூச்சமாக இருந்தது. நாத்தனாரின் மறுமுனையைப் புது ஆள் பிடித்தாள். விரலை வரியில் வைத்துப் பெரியக்கா தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து இறைப்பதுபோல. குரல் தட்டியது. கைகளும் தடுமாறின. ஒரு விரிப்பு மடிவதற்குள் இரண்டு விரிப்பு நேரம் போனது. ஒல்லி மேடத்தைப் பார்த்தாள். மேடம் குவியலைப் பார்த்தாள்.

"பல… வருடங்கள்… கழித்து… மூத்த மகன்… விடுதி வாசலில்… வந்து நின்றான். அவள்… அவனை… நிமிர்ந்து பார்த்து…"

அடுத்த சொல்லில் பெரியக்காவின் விரல் நின்றுவிட்டது. இரண்டு சொல்லை இடைவெளி விடாமல் ஒட்டி அச்சடித்த நீளமான ஒரு சொல். உதட்டுக்குள் அதை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அறைஞ்சிருப்பா" என்றாள் மேடம்.

"அவளா? அறையற சாதி இல்ல அது" என்று நாத்தனார் பாய்ந்தாள். "சாப்பிட்டியான்னு கேட்டிருப்பா."

"பாக்கி வாங்காம சோறா? எந்தக் காலத்துல போட்டா?"

"பெத்த மவன்டி!"

"பெத்த மவன்தான் நகையைத் தூக்கிட்டு ஓடினான்."

புது ஆள் விழித்தாள். "யாருங்க அவங்க?" நாத்தனார் விரிப்பைப் படபடவென்று உதறிக்கொண்டே விடுதிக்காரியின் பூர்வோத்தரத்தை அவளுக்குச் சொன்னாள். வெந்நீர், ஆறு அறை, செத்த புருஷன், ஒன்று விடவில்லை. பேச்சு ஏற ஏறக் கைகளும் ஏறின. தன் வீட்டு ஆட்களின் பெருமையைச் சொல்கிற முகம் அவளுக்கு.

அதற்குள் சொல் பிடிபட்டுவிட்டது. "…ஒன்றுமே… சொல்லாமல்… ஆறாம் எண் அறையின்… சாவியை எடுத்து… மேசை மேல் வைத்தாள்."

உதறத் தூக்கிய விரிப்பை ஒல்லி இறக்கிவிட்டாள்.

"வாடகைக்கு வந்தவனா ஆக்கிட்டாளே!" என்றாள் ஒல்லி மெதுவாக.

"அதான் அவ" என்றாள் நாத்தனார். "ஒரு வார்த்தை பேசினாளா பாரு. எழுதினவன் லேசுப்பட்டவன் இல்லடி."

அதற்கப்புறம் பெரியக்கா எங்கே நின்றாலும் அறை நிற்கவில்லை. அவள் ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் நாலு பேரும் நாலு பதில் வைத்திருந்தார்கள். சில நேரம் ஒல்லி சொன்னது பலித்தது. பலித்தபோதெல்லாம் பரிசு வாங்கினவள்போல நிமிர்ந்தாள். ரேடியோ படித்தபோது அவர்கள் கேட்டார்கள். இப்போது விடுதிக்குள்ளேயே நடமாடினார்கள். முதல் பாகம் முழுக்கக் கூட இருந்த ஆட்கள் ஆயிற்றே. புது வீடாக இருந்திருந்தால் முதல் பக்கத்திலேயே எல்லோரும் முட்டி விழுந்திருப்போம் என்று பெரியக்கா நினைத்துக்கொண்டாள்.

மணியடித்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். ஒரு தள்ளுவண்டித் துணி மிச்சம் இருந்தது.

"சொன்னேனா இல்லையா?" என்று நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

பெரியக்கா எழுந்துவிட்டாள். சொன்ன சொல் சொன்னதுதான், குறை தன்னுடையதுதான். புத்தகத்தை மூடிவிட்டு விரிப்பின் முனையைப் பிடிக்கப் போனாள்.

நாத்தனார் முனையைக் கொடுக்கவில்லை.

"அந்த ஒரு வண்டியை நாங்க நின்னு முடிச்சுட்டுப் போறோம் சார். குவியல்தானே உங்களுக்கு? நாற்காலி மேல இருந்து கையை எடுங்க." பிறகு இந்தப் பக்கம் திரும்பி அதட்டினாள். "நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க அண்ணி? அவன் சாவியை எடுத்தானா இல்லையான்னு தெரியாம இங்க யாரும் வீட்டுக்குப் போகப் போறதில்ல."

மேடம் மாட்டிய கைப்பையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டாள். புது ஆளும் தயங்கித் தயங்கித் தன் முனையைப் பிடித்தாள். சூப்பர்வைசர் கையை எடுத்தார். கிளம்பிப் போனவர் வாசலோடு நின்று காதைக் கொடுத்தார்.

பெரியக்கா உட்கார்ந்து பக்கத்தைத் தேடினாள். அடுத்த வரி நீளமாக இருந்தது. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு விரலை வைத்தாள்.