வடக்குப் பார்த்த கண்ணாடி

"யாராவது இருக்கீங்களா, இல்ல கடையைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டீங்களா?"

அந்தக் குரலைக் கேட்டதும் கிஸ்லேனின் கை ஜன்னல் கடை மேசைமேல் அப்படியே நின்றுவிட்டது. இருபத்தொன்பது வருஷம் ஆகியும் அதில் இருந்த அதட்டல் கொஞ்சமும் குறையவில்லை. தலை மட்டும் முழுக்க நரைத்திருந்தது. பின்னால் ஒரு பெண்மணி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"தெசியே" என்று பெயர் சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டாம்.

பழங்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று அந்த ஊரில் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் மேலாளராக இருந்தவர் இந்தத் தெசியே. வந்து சேர்ந்த புதிதில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒருநாள், வேலை முடிந்து போகிறவர்களை வாசலில் வரிசையாக நிறுத்திப் பைகளைச் சோதித்தார். கிஸ்லேனின் அம்மா போலெத்தின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு நூற்கண்டு, காய்ந்த ரொட்டி முனை, பாதி தின்ற பேரிக்காய்ப் பாகு ஜாடி. ஜாடியைத் தூக்கிப் பிடித்து, "நாளையிலேருந்து இந்தத் திருடி உள்ள வரக்கூடாது" என்றார். அது வீட்டில் செய்தது. அதுவுமில்லாமல் அந்தத் தொழிற்சாலையில் பேரிக்காயே போடுவதில்லை, செர்ரியும் முலாம்பழமும்தான். வரிசையில் நின்ற இருநூறு பேருக்கும் அது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு நேர் பின்னால், பதினேழு வயதில், விடுமுறைக் கூலிக்கு வந்திருந்த கிஸ்லேன் நின்றாள். அவளும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா சனிக்கிழமைச் சந்தைக்குப் போனதில்லை.

"என்ன பாக்கறீங்க? ஜன்னல் விக்கிறீங்களா, இல்லையா?" என்றார் தெசியே.

"விக்கிறோம், முசியே. உட்காருங்க."

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குன்றின் உச்சியில் இடம் வாங்கி வீடு கட்டுகிறாராம். வரைபடத்தை மேசைமேல் விரித்தார். வடமேற்குப் பக்கம் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, ஐந்து மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடித் தள்ளுகதவு.

"இந்த ஊர்க்காரங்களைப் பாருங்க, மலையை வெச்சுக்கிட்டு அதுக்கு முதுகைக் காட்டி வீடு கட்டறானுங்க. எல்லாம் குருட்டுச் சுவர்! எனக்குக் காலையில கண்ணைத் தெறந்தா வாந்தூ மலை நிக்கணும்."

புதிதாக வீடு கட்டி ஜன்னல் பார்க்க வருகிற எவரானாலும் கிஸ்லேன் ஒரு பாடம் நடத்தாமல் விடமாட்டாள். வடமேற்கில் சுவர் வையுங்கள். ஜன்னல் வைத்தே தீரவேண்டுமென்றால் சின்னதாக வையுங்கள், வெளியே கனத்த மரக் கதவு போடுங்கள். வடமேற்கிலிருந்து இறங்கும் மிஸ்த்ரால் காற்று மூன்று நாள் அடித்தால் மனுஷனை மனுஷனாக இருக்கவிடாது என்பாள். காற்றில் ஜன்னல் சட்டம் வளைந்த ஒரு வீட்டின் படத்தை மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். அன்றைக்கு இழுப்பறையைத் திறக்கவில்லை.

தெசியேவின் மனைவி ப்லாந்தீன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மதாம், நீங்க இந்த ஊர்தானே? அந்தப் பக்கம் காத்து ரொம்ப மோசம்னு சொல்றாங்களே. வெளியில மரக் கதவாவது போட்டா…"

"ஆரம்பிச்சுட்டியா?" என்றார் தெசியே. "அஞ்சு மீட்டர் கண்ணாடிக்கு மரக் கதவாம்! கல்யாணப் பொண்ணுக்குக் கோணிப்பை போர்த்தற மாதிரி. மூணடுக்குக் கண்ணாடி போட்டா காத்தாவது, மண்ணாவது."

"நான் அவங்களைக் கேட்டேன்" என்றாள் ப்லாந்தீன். கிஸ்லேனின் முகத்தையே பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும். கிஸ்லேனின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கவிழ்ந்த பையிலிருந்து உருண்டுபோன நூற்கண்டை அம்மா குனிந்து பொறுக்கியது கண்முன் நின்றது.

"முசியேதான் முடிவு பண்ணிட்டாரே, மதாம்" என்றாள்.

சமையலறை ஜன்னலை மட்டும் ப்லாந்தீன் இஷ்டத்துக்கு விட்டார் கணவர். கடையில் மாதிரிக்கு மாட்டியிருந்த மரக் கதவுகளில் ஒன்றை அவள் ஐந்து தடவை திறந்து மூடிப் பார்த்து, தாழ்ப்பாளைத் தட்டிப் பார்த்து, சாம்பல் நீலத்தில் ஒரு ஜோடி கேட்டாள்.

செப்டம்பரில் மாட்டப் போனபோது, கடையில் பாதிப் பங்குக்காரரான ஒனோரே அந்தச் சுவர் இடைவெளிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நீயா இதை வித்தே?"

"அவர் கேட்டார்."

"பைத்தியக்காரன் எதை வேணா கேப்பான். நீ சொன்னியா இல்லையா?"

"அந்த ஆள் தெசியே, ஒனோரே. தொழிற்சாலைத் தெசியே."

ஒனோரே திருகாணியை எடுத்துக்கொண்டே, "உன் கோபம் உன்னோட, கிஸ்லேன். ஆனா இந்தக் கதவுல என் கைவேலை இருக்கு. நாளைக்கு ஊளையிட்டா என் பேரும் சேர்ந்துதான் ஊளையிடும்" என்றார். கதவை அவர் ஒரு குறையும் இல்லாமல்தான் மாட்டினார்.

செப்டம்பரிலும் அதற்கடுத்த மாதமும் பெரிய காற்று அடிக்கவில்லை. தெசியே நண்பர்களைக் கூப்பிட்டு மலையைக் காட்டி விருந்து வைத்ததாக ஊரில் சொன்னார்கள். கிஸ்லேன் பொறுத்திருந்தாள்.

நவம்பர் தொடக்கத்தில், சகல புனிதர் திருநாள் கழிந்த மறுவாரம் மிஸ்த்ரால் இறங்கியது. வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருந்தது; சதுக்கத்து மரங்கள் வில்லாக வளைந்தன. கிஸ்லேன் கடை ஜன்னலோரம் நின்று காப்பி குடித்தாள். நாளெல்லாம் குன்றின் பக்கம் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை.

நான்காம் நாள் காலையில் ப்லாந்தீன் வந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"அன்னிக்கு உங்களை நான் கேட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஏன் சொல்லலை?"

கிஸ்லேன் மழுப்பவில்லை. ஜாடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ப்லாந்தீன் நின்றபடியே கேட்டாள்.

"அவர் செஞ்சது பாவம்தான். ஆனா நாலு நாளா தூங்காதது நானும்தானே? எங்கிட்ட உங்களுக்கு என்ன பகை?"

கிஸ்லேன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு ப்லாந்தீனின் காரில் ஏறினாள்.

வீட்டில் அந்தக் கண்ணாடி உயிருள்ளதுபோல முனகிக்கொண்டிருந்தது. காற்று அறையும்போதெல்லாம் நடுப்பகுதி உள்ளே பிதுங்கிப் பின்வாங்கியது. கதவு ஓடும் தடத்தில் துண்டுகளைத் திணித்திருந்தார்கள். அப்படியும் தரையெங்கும் புழுதி கோடுகோடாகப் படிந்திருந்தது. சோபாவை நடைவழிக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். தெசியே சமையலறையில், சாம்பல் நீலக் கதவுகளைச் சாத்திக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டிலேயே பேச்சுக் காதில் விழும் இடம் அதுதான்.

"வந்துட்டீங்களா! என்ன கதவை எங்க தலையில கட்டியிருக்கீங்க?"

"நீங்க கேட்ட கதவைத்தான், முசியே. நான் போலெத் ஃபாப்ரேக்கோட பொண்ணு."

அவர் விழித்தார். பெயர் ஞாபகத்தில் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கிஸ்லேனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"பேரிக்காய் ஜாடி" என்றாள்.

தெசியேவின் முகம் மெல்ல மாறியது. பார்வை தரைக்கு இறங்கியது.

"வெளியில இரும்புச் சட்டம் அடிச்சுக் கனமான மரக் கதவு மடிப்பு மடிப்பா போட்டா, இந்தச் சத்தத்துல முக்காவாசி நிக்கும்" என்றாள் கிஸ்லேன். "செஞ்சு தர்றேன். ஆனா முதல்ல நீங்க எங்கம்மா வீட்டு வாசலுக்கு வரணும். வந்து உண்மையைச் சொல்லணும்."

"இது மிரட்டல். வேற கடை இல்லையா ஊர்ல?"

"இருக்கே. தாராளமாப் போங்க."

அவர் அன்றைக்கே நான்கு இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். காற்று அடிக்க ஆரம்பித்தால் எல்லோரும் மரக் கதவுக்குத்தான் அலைவார்கள். ஏப்ரலுக்கு முன்னால் யாருக்கும் கை ஒழியவில்லை. அவர் கடைசித் தொலைபேசியை வைத்தபோது ப்லாந்தீன் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியோடு நின்றாள்.

"நான் அவிஞ்ஞோன்ல அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க அந்தம்மாவைப் பார்த்துட்டு வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்றாள்.

தனியாக மூன்று நாள் இருந்தார். ஏழாம் நாள், காற்று இன்னும் ஓயாத ஒரு முற்பகலில், தெசியே தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய தெருவுக்கு வந்தார். அவர் வருவதாகச் சொல்லியிருந்ததால் கிஸ்லேன் தெரு முனையில் நின்றிருந்தாள். போலெத்தின் வீடு இரண்டாம் மாடி. கீழ்க்கதவு திறக்கவில்லை. அழைப்பு மணியை மறுபடியும் அடித்தார். மேலே ஜன்னலின் மரக் கதவு ஒரு முழம் திறந்தது. எழுபத்தெட்டு வயது முகம் எட்டிப் பார்த்தது.

"யாரு?"

"தெசியே, மதாம். மேல வரலாமா?"

"எதுக்கு? அன்னிக்கு நீங்க என்னை உள்ள கூப்பிட்டா பேசினீங்க? அங்கேயே நின்னு சொல்லுங்க."

அவர் எதையோ முணுமுணுத்தார்.

"காதுல விழலை! காத்து அடிச்சிட்டுப் போகுது!"

"தப்பு பண்ணிட்டேன், மதாம்!"

"என்ன தப்பு?"

தெசியே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. காற்றில் கோட்டு பறக்க, ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"நீங்க திருடலை! அது எங்க பழம் இல்லை! அன்னிக்குச் சாயங்காலமே கங்காணி வந்து சொன்னான், இங்க பேரிக்காயே கிடையாதுன்னு! இருநூறு பேர் முன்னாடி சொன்னதை எப்படி மாத்தறதுன்னு விட்டுட்டேன்!"

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்!"

"சரி. போங்க" என்றாள் போலெத். மரக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருவில் கேட்டது.

கிஸ்லேன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். அம்மா மடியில் கைகளை வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள்.

"கிழவனாயிட்டானே அவன்" என்றாள். "நான் அவனை அதே வயசுல வெச்சுத்தான் இத்தனை வருஷம் திட்டிக்கிட்டிருந்தேன்."

"மன்னிச்சுட்டியாம்மா?"

"யார் சொன்னா? கேட்டேன், அவ்வளவுதான்."

அன்றைக்குத் தானும் சும்மா நின்றதைப் பற்றிச் சொல்ல கிஸ்லேன் வாயெடுத்தாள். "நீ சின்னப் பொண்ணு அப்போ" என்று அம்மா முடித்துவிட்டாள். அதில் கனிவு இருந்ததா என்று கிஸ்லேனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளிக்கதவுகளைப் பிப்ரவரியில் மாட்டினார்கள். மரத்தையும் நிறத்தையும் ப்லாந்தீன் தனியாக வந்து தேர்ந்தெடுத்தாள். கிஸ்லேனுக்கு வணக்கம் மட்டும் சொன்னாள். தெசியே நீட்டிய காப்பியை ஒனோரே குடித்தார், கிஸ்லேன் தொடவில்லை.

போலெத் அதோடு நிறுத்தவில்லை. தெசியே வந்து கத்திவிட்டுப் போன வாரத்துச் சனிக்கிழமையே, கீழ்வீட்டு ரோஸீன் ஒரு கிண்ணம் ஆலிவோடு மாடியேறி வந்து கதவைத் தட்டினாள். "எல்லாரும் கேட்டோம், போலெத். மனசு ஆறிப்போச்சு. வா, சந்தைக்குப் போலாம்" என்றாள்.

போலெத் கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து பேசினாள்.

"நீயும் அன்னிக்கு அந்த வரிசையில நின்னவதானே, ரோஸீன்? கீழ எறங்கு. அந்த ஆள் நின்ன எடத்துலயே நில்லு. நான் ஜன்னலைத் திறக்கறேன்."