சபைக்குள் போன செருப்பு

பூதத்தானுக்கு ஒரு கெட்ட பழக்கம். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பான், முகமெல்லாம் அப்புறம். தாராவியில் இருபது வருஷமாகச் செருப்புத் தைக்கிறவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? அதனால்தான் 1985இல் ஒருநாள், பம்பாய்ச் சட்டசபைக்குள் தன் பெண்சாதி அபயாம்பாள் நுழைந்தபோது, மேலே பார்வையாளர் மாடத்தில் இருந்தவன் முதலில் அவள் காலைத்தான் பார்த்தான். அவள் வெறுங்காலோடு வந்தாள்.

அவர்கள் சாதியிலிருந்து அந்தச் சபைக்குள் போகிற முதல் பெண் அவள். திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் ஊரில், மேலத்தெரு முனை வந்தால் இவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லித்தான் கடைசித் தேர்தல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தாள். "நான் ஜெயிச்சா செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் உள்ள போவேன். போட்டுக்கிட்டுத்தான் பிரமாணம் எடுப்பேன்." அன்று கைதட்டியவர்கள்தான் ஓட்டும் போட்டார்கள் என்பது பூதத்தானின் கணக்கு.

இன்றைக்கென்று ஒரு ஜோடி தைத்துக் கொடுத்திருந்தான். புதுத் தோல், நடந்தால் கிறீச்சிட்டது.

"எண்ணெ போட்டுத் தாரேன்ட்டி" என்றான்.

"வேண்டாம், கத்தட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

மாடத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்தச் செருப்புக்குத் தோல் கொடுத்த கரீம் பாட்சா. "ஏன்வே முழிக்கீரு?"

"வாசல்ல கழட்டிட்டா, பாய்."

பெரிய வாசலைக் கண்டதும் கால் தன்பாட்டுக்குக் கழற்றிவிட்டது. அது அவளுக்கே தெரியவில்லை. கத்திச் சொல்லலாமென்றால் மாடத்தில் வாயைத் திறந்தாலே வெளியே தள்ளிவிடுவார்கள். கீழே பிரமாணத்துக்குப் பெயர்பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் கொடுத்த வாக்கு இப்படியா போக வேண்டும் என்று அவனுக்கு அழுகையே வந்தது.

அபயாம்பாளின் பெயர் வந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தவள் சட்டென்று நின்றாள். கிறீச் சத்தத்தைக் காணோம். குனிந்து காலைப் பார்த்தாள்.

பிறகு மேடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஏக் மினிட், சாகேப்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். யாரோ சிரித்தார்கள்.

பூதத்தான் கரீம் பாட்சாவின் கையைப் பிடித்துக்கொண்டான். கோயில் வாசலில் விட்ட செருப்பே திரும்பக் கிடைக்காத ஊர் இது.

"இருக்கும்வே, இருக்கும்" என்றார் அவர்.

கிறீச்.

சபை திரும்பிப் பார்த்தது. கிறீச், கிறீச் என்று அந்தக் கூடத்தை முழுசாகக் கடந்து போனாள் அபயாம்பாள். அவசரமே இல்லாமல் உறுதிமொழியைப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள். பூதத்தான் அப்போதுதான் கரீம் பாட்சாவின் கையை விட்டான்.

"நல்லவேள, எண்ணெ போடல" என்றார் கரீம் பாட்சா.

வெளியே வந்ததும் அவனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான். "நான் வெறுங்காலோட வந்தத பாத்துட்டீயளா?"

"இல்லியே" என்றான் பூதத்தான். "எனக்குச் சத்தந்தான் கேட்டுது."